சும்மா உட்கார்ந்திருக்கிற வேலைதானே என்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதியோர் பற்றி உங்கள் பத்திரிகையில் எது வந்தாலும் படித்துவிடுவேன், என் தொழில் அப்படி. வீடுகளுக்குப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. சில வீடுகளில் அட்டெண்டர் என்பார்கள், சில வீடுகளில் ஹோம் நர்ஸ் என்பார்கள் (நான் நர்ஸ் இல்லை, ஊசி போட மாட்டேன், அதை முதல் நாளே சொல்லிவிடுவது வழக்கம்). பொதுவாக வருகிற கட்டுரைகளில் பாதி பிள்ளைகளைத் திட்டுகின்றன. மீதிப் பாதி வாக்கர், கழிவறைக் கைப்பிடி, மாத்திரை டப்பா என்று பொருள்களைப் பற்றிப் பேசுகின்றன. இரண்டும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் காலையில் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனதிலிருந்து ராத்திரி திரும்பி வரும்வரை அந்த வீட்டுக்குள் அந்த மனுஷர் பொழுதை எப்படித் தள்ளுகிறார், கூட இருக்கிற ஆள் என்ன செய்கிறார் என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

சம்பளம் பேசும்போது தவறாமல் ஒரு வசனம் வரும். "அம்மாவுக்கு ஒண்ணும் பெரிய வேலை இல்லைங்க, தானே நடப்பாங்க, தானே சாப்பிடுவாங்க, நீங்க சும்மா கூட உட்கார்ந்திருந்தா போதும்." இதைச் சொன்ன கையோடு சம்பளத்தில் கொஞ்சம் குறைப்பார்கள். படுக்கையில் இருப்பவரைப் பார்க்க ஒரு ரேட், நடமாடுபவருக்குத் துணையாக இருக்க அதைவிடக் குறைந்த ரேட். சரி என்று சேர்ந்த கொஞ்ச நாளில், அந்த "சும்மா" இருக்கிற நேரம் மற்றவர்கள் கண்ணை உறுத்த ஆரம்பிக்கும். துணியை மடித்து வைத்துவிடுங்களேன் என்பார்கள். அப்புறம் பாத்திரம், அப்புறம் வீடு பெருக்குவது, அப்புறம் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்குக் கதவு திறந்து சாப்பாடு போடுவது. மாதம் முடியும்போது நான் சமையலறையில் நிற்பேன், அந்த அம்மா முன்னறையில் டி.வி.க்கு எதிரே தனியாக உட்கார்ந்திருப்பார், நான் வருவதற்கு முன்னால் எப்படி இருந்தாரோ அப்படியே. துணைக்கு ஆள் போட்டிருக்கிறோம் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, துணைதான் அங்கே இல்லை.

உடம்பு உழைப்பில் படுக்கை நோயாளிதான் கஷ்டம், சந்தேகமே வேண்டாம். புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, டயாபர் மாற்றி, முதுகு விட்டுப்போகும். ஆனால் அங்கே என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்று, குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பக்கம், தோள்பட்டை எல்லாவற்றையும் பார், சிவந்த இடத்தில் விரல் வைத்து அழுத்தி எடுத்தபிறகும் சிவப்பு மாறாமல் இருந்தால் படுக்கைப் புண் தொடங்குகிறது என்று அர்த்தம், உடனே சொல். இதெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. எழுந்து நடமாடுகிற, பேச ஆள் இல்லாத, கணவரையோ மனைவியையோ பறிகொடுத்த, யார் மேலாவது கோபப்பட வேண்டும் போலிருக்கிற ஒருவரோடு காலையிலிருந்து ராத்திரிவரை ஒரே அறையில் இருப்பதற்கு எந்த வகுப்பிலும் பாடம் கிடையாது. அதற்குத்தான் சம்பளம் குறைவு!

இந்த வேலைக்கு வரும் முன் பயிற்சிக்குப் போனேன். ஒருவரால் தானாக என்னென்ன முடிகிறது என்று அளக்க அங்கே இரண்டு பட்டியல் சொல்லித் தந்தார்கள். ஒன்று, சிட்னி காட்ஸ் என்கிற அமெரிக்க டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் 1963இல் வெளியிட்டது. குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலம் அடக்க முடிவது, சாப்பிடுவது என்று ஆறு. இன்னொன்று 1969இல் லாட்டன், பிராடி என்ற இருவர் போட்டது, அதில் எட்டு: போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைப் பார்ப்பது, துணி துவைப்பது, வெளியே போய்வருவது, மாத்திரை எடுப்பது, பணத்தைக் கையாள்வது. நல்ல பட்டியல்கள், இன்றைக்கும் உலகம் முழுக்கப் புழங்குபவை, நானே அதை வைத்துத்தான் ஒரு புது வீட்டில் நிலைமையைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் பாருங்கள், போனில் பேசத் தெரிகிறதா என்று கேட்கிற பட்டியலில்கூட எதிரில் உட்கார்ந்து பேச ஆள் இருக்கிறதா என்று ஒரு வரி இல்லை. தப்பு பட்டியல் போட்டவர்கள் மேல் இல்லை, அவர்கள் அளக்க நினைத்தது வேறு. ஆள் வைக்கிற குடும்பமும், ஆள் அனுப்புகிற ஏஜென்சியும் இந்தப் பட்டியலையே முழு வேலை என்று எடுத்துக்கொள்வதுதான் தகராறு.

பேசிக்கொண்டிருப்பதால் என்ன லாபம் என்று ஒரு வீட்டில் மகன் நேரடியாகவே கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை, இப்போது சொல்கிறேன்.

ஒரு ஐயாவைப் பார்த்துக்கொண்டேன், ஓய்வு பெற்றவர், காலையில் பத்திரிகையை விரித்துத் தலைப்புச் செய்திகளைச் சத்தமாகப் படிப்பார், ஒவ்வொன்றுக்கும் யாரையாவது திட்டுவார். தினமும் அந்தத் திட்டைக் கேட்டுக் கேட்டு எதற்கு எவ்வளவு திட்டுவார் என்பதே எனக்கு அத்துப்படி. ஒருநாள் பத்திரிகையை வாங்கினார், ஒரு தலைப்பைப் படித்தார், திரும்ப அதையே படித்தார், திட்டவில்லை. பத்திரிகையைத் தலைகீழாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். காய்ச்சல் இல்லை, வலி என்று சொல்லவில்லை, பி.பி. பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. மத்தியானத்துக்குள் என்னைப் பார்த்து வேறு யாரோ பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மகளுக்குப் போன் போட்டேன். "வயசாச்சு இல்லையா, மறதி வந்திருக்கும்" என்றார். நேற்று இல்லாத மறதி இன்றைக்கு வராதும்மா, டாக்டரிடம் காட்டுங்கள் என்று விடாமல் சொன்னேன். சிறுநீரில் தொற்று. மருந்து கொடுத்தார்கள், சில நாளில் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. திடீர்க் குழப்பம், திடீர் மந்தம், திடீரென்று சாப்பாட்டில் விருப்பம் போவது, இதுவே முதல் அறிகுறியாக வரும். உடம்பில் தண்ணீர் வற்றினாலும் அப்படித்தான், புதிதாகத் தொடங்கிய மாத்திரையாலும், நாள்கணக்கில் மலச்சிக்கல் இருந்தாலும்கூட வரலாம். மாதக்கணக்கில் வருடக்கணக்கில் மெல்ல வருகிற மறதி வேறு, மணிக்கணக்கில் வருகிற குழப்பம் வேறு. இரண்டாவதை உடனே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். ஆனால் அந்த வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் அந்த மனுஷர் நேற்று எப்படிப் பேசினார் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? பெருக்கித் துடைத்துக்கொண்டிருக்கிற எனக்கு அது எப்படித் தெரியும்?

இதைச் சொன்னால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வயதாக ஆகத் தாக உணர்ச்சி மழுங்கிவிடும், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும். கேட்பதால் பயன் இல்லை. நானும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு அவர் கையிலும் ஒன்றைக் கொடுத்துப் பேச ஆரம்பித்தால் பேச்சோடு பேச்சாக உள்ளே போய்விடும். தனியாகச் சாப்பிடுகிறவர்கள் பாதியில் தட்டைத் தள்ளிவிடுவதும், எதிரே ஒருவர் சாப்பிட்டால் தானும் கொஞ்சம் கூடச் சாப்பிடுவதும் எல்லா வீட்டிலும் பார்க்கலாம். (சில வீடுகளில் அட்டெண்டர் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. அவர்கள் இஷ்டம், ஆனால் அப்புறம் அப்பா சாப்பிடவே மாட்டேன்கிறார் என்று என்னிடம் கேட்காதீர்கள்.)

எப்படிப் பேசுவது என்பதிலும் வீட்டில் இருப்பவர்கள் படுத்துகிற பாடு உண்டு. காது கேட்கவில்லை என்றதும் கத்துவார்கள். வயதில் முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். கத்தினால் குரல் இன்னும் மேலே போகும், அவருக்குச் சத்தம் கேட்கும், சொல் புரியாது, முகத்தைப் பார்த்தால் நீங்கள் சண்டை போடுகிற மாதிரி தெரியும். டி.வி.யை அணைத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேராக, உங்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி நிதானமாகச் சொல்லுங்கள், முக்கால்வாசி புரிந்துவிடும். அப்புறம் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு நம்மால் முடிவதில்லை. அவர் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நாம் எடுத்துக் கொடுத்து முடித்துவிடுவோம். இப்படியே நாலு தடவை நடந்தால் ஐந்தாவது தடவை அவர் வாயைத் திறக்க மாட்டார்.

பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் செய்வதில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "நான் யாருன்னு தெரியுதா?" என்று பரீட்சை வைப்பார்கள். மறதி நோய் இருப்பவருக்கு அது எத்தனை அவமானம் தெரியுமா? தெரியவில்லை என்று அவருக்கே தெரியும், அதை மறைக்கச் சிரிப்பார், இல்லையென்றால் எரிந்து விழுவார். "அம்மா, நான் உங்க தங்கச்சி மகள் வந்திருக்கேன்" என்று பேர், உறவு சொல்லி உட்காருங்கள். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்காதீர்கள், அது நினைவில் தங்காது. முதல் வேலைக்குப் போன நாளைக் கேளுங்கள், கூடப் பிறந்தவர்களில் யார் ரொம்ப விஷமம் என்று கேளுங்கள். அண்மையில் நடந்தது முதலில் அழியும், பழையது கடைசிவரை நிற்கும் என்பது மறதி நோயின் இயல்பு. அதே கதையை நாலு தடவை சொல்வார், சொல்லட்டுமே, உங்களுக்குத்தானே நாலு தடவை, அவருக்கு முதல் தடவை.

பொழுது சாய்கிற நேரத்தில் இன்னொரு கஷ்டம். சொந்த வீட்டில் இருந்துகொண்டே "நான் வீட்டுக்குப் போகணும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். இதுதானே வீடு என்று வாதாடினால் ராத்திரிவரை அழுகைதான். வீட்டில் யார் இருக்கிறார்கள், போய் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டே கூடவே நாலு எட்டு நடந்தால், அம்மா தேடுவாங்க, மாடு திரும்பியிருக்கும், தம்பிக்குக் காய்ச்சல் என்று ஏதாவது வரும். வேண்டியது அந்தப் பாதுகாப்பு, கட்டடம் இல்லை. விளக்கைப் போட்டு, திரையை இழுத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்சத்தில் அடங்குவார். எல்லா நாளும் அடங்குவார் என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம், எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவது. ஆள் இருக்கும்போது அப்பா எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒருவரைக் கட்டிலிலிருந்து எழுப்புவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் இரண்டு நொடி, தோள் மூட்டும் போகும். நான் செய்வது இப்படி: முதலில் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வேன், காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு முழங்கையை ஊன்றி அவரே எழுந்து உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் உடனே நிற்கவிட மாட்டேன். படுத்திருந்தவர் சட்டென்று நின்றால் சிலருக்கு பி.பி. 20 புள்ளிக்கு மேல் இறங்கிக் கண் இருட்டும், விழுவதில் பல அப்படித்தான். அந்த இரண்டு மூன்று நிமிஷம் பாதத்தை ஆட்டச் சொல்லிவிட்டு ராத்திரி தூக்கம் வந்ததா, என்ன கனவு என்று பேச்சுக் கொடுப்பேன். பதில் தெளிவாக வந்தால் நிற்கலாம். பாதம் தரையில் பதிந்திருக்கிறதா என்று பார்த்து, அவருடைய பலம் குறைந்த பக்கத்தில் நான் நின்று, மூன்று எண்ணி, அவரே எழுந்திருப்பார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நான் கட்டிலோரம் உட்கார்ந்து அரட்டை அடிப்பது போலத்தான் தெரியும். விழுவது சின்ன விஷயம் இல்லை: உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி விழுந்து இறப்பவர்கள் உலகில் வருடத்துக்கு 6,84,000 பேர், அதில் 60 வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம்.

எந்தச் சட்டை போடுவது, குளிப்பது காலையிலா மாலையிலா, ஜன்னல் திறந்திருக்க வேண்டுமா, இதையெல்லாம் அவர்தான் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் மாமியாருக்கு எது வேண்டும் என்று மருமகள் என்னிடம் சொல்கிறார், மகன் வேறு சொல்கிறார், அந்த அம்மா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து யாராவது தன்னைக் கேட்பார்களா என்று மாறி மாறிப் பார்க்கிறார். காது நன்றாகவே கேட்கும் அவருக்கு!

ஆள் வைப்பதிலும் அதே கதைதான். என்னிடம் ஆதார் அட்டை, அனுபவம், எத்தனை நாள் லீவு எடுப்பாய் எல்லாம் கேட்பார்கள், யாரைப் பார்த்துக்கொள்ளப் போகிறேனோ அவர் உள்ளறையில் இருப்பார், அவருக்கு விஷயமே தெரியாது. மறுநாள் காலையில் முன்பின் தெரியாத ஒருத்தி வந்து குளிக்க வைக்கிறேன் என்று நின்றால் யார்தான் ஒத்துக்கொள்வார்கள்? "எனக்கு எதுக்கு ஆள்? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று விரட்டுவார்கள். நியாயம்தானே. முதல் பேச்சிலேயே அவரையும் உட்கார வையுங்கள். குளியல், கழிவறை விஷயத்தில் ஆணா பெண்ணா யார் வர வேண்டும் என்று கேளுங்கள். முதல் வாரம் அவர் உடம்பைத் தொடாத வேலையோடு ஆரம்பிக்க விடுங்கள், கடிதம் படித்துக் காட்டுவது, கண்ணாடி தேடிக் கொடுப்பது, கூட நடப்பது. பேசவே பிடிக்காதவர்களும் உண்டு. அவர்களோடு பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அதுவும் வேலைதான், சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

கேமரா பற்றிக் கேட்பீர்கள். பொது அறையில் வையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை, வைத்திருப்பதைச் சொல்லிவிட்டு வையுங்கள், எனக்கு மட்டும் இல்லை, பெரியவருக்கும். குளிக்கிற இடத்திலும் துணி மாற்றுகிற இடத்திலும் வேண்டாம், அது அவருடைய உடம்பு. பயம் வீண் பயம் என்று சொல்லவில்லை. 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆறில் ஒருவருக்கு, ஒரு வருடத்துக்குள், ஏதோ ஒரு வகைக் கொடுமை நடந்திருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அடி மட்டும் இல்லை, திட்டு, பணத்தை எடுத்துக்கொள்வது, கவனிக்காமல் போட்டுவைப்பது எல்லாம் சேர்த்து. செய்பவர்களில் வேலைக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள், சொந்த ரத்தமும் இருக்கிறது. என் பக்கத்தில் நான் கேட்பது: ஏ.டி.எம். கார்டையும் ரகசிய எண்ணையும் என்னிடம் கொடுக்காதீர்கள், செலவுக்குக் கொடுக்கும் பணத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள், நகையை நான் சேரும் முன்பே எண்ணிப் பூட்டுங்கள். காணாமல் போனது என்றால் முதலில் பார்ப்பது என் பையைத்தான்.

இனி ராத்திரி. "இருபத்து நாலு மணி நேர ஆள்" என்று விளம்பரம் செய்கிறார்கள், மனுஷியால் அது முடியுமா என்று யாரும் யோசிப்பதில்லை. ராத்திரி நாலு தடவை பெரியவரைக் கழிவறைக்குக் கூட்டிப் போய்விட்டு, விடிந்ததும் சிரித்த முகமாகக் கதை கேட்க வேண்டும் என்றால் ஒரு வாரம் முடியும், ஒரு மாதம் முடியாது. தூக்கம் கெட்டவருக்கு முதலில் போவது பொறுமை. மேலே சொன்ன கொடுமைகளில் எத்தனை இந்தத் தூக்கமின்மையில் பிறக்கின்றனவோ! வீட்டு வேலை செய்பவர்களுக்காக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் 189ஆம் உடன்படிக்கை என்று ஒன்று கொண்டுவந்தது, 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது அது. கூப்பிட்டால் வர வேண்டும் என்று காத்திருக்கிற நேரத்தையும், அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்கிற அளவுக்கு, வேலை நேரமாகவே எண்ண வேண்டும் என்கிறது. கையெழுத்துப் போட்ட நாடுகள் சில, போடாதவை பல. உங்கள் வீட்டுக்குள் அதை நடத்த யார் கையெழுத்தும் வேண்டாம். எனக்கு லீவு விடுகிற அந்த ஒரு நாள் வீட்டில் யாராவது பெரியவரோடு முழு நாளும் இருந்து பாருங்கள், நான் வாரம் முழுக்க என்ன செய்கிறேன் என்று நான் விளக்க வேண்டியிருக்காது.

ஆள் வைக்க வசதி இல்லாத வீடுகள்தான் அதிகம் என்பதும் தெரியும். அங்கே இதே வேலையைச் சம்பளம் இல்லாமல், லீவு இல்லாமல் ஒருவர் செய்கிறார், பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். அவர்களுக்கு யார் துணை? 1999இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது. ஷுல்ஸ், பீச் என்ற இருவர் செய்தது. கணவனையோ மனைவியையோ கவனித்துக்கொண்டு அதனால் மனமும் உடலும் நொந்துபோன முதியவர்களுக்கு, அப்படிக் கவனிக்க வேண்டியிராதவர்களைவிட நான்கு வருடத்தில் இறக்கும் அபாயம் 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. பார்த்துக்கொள்கிறவர் முதலில் போய்ச் சேர்ந்த வீடுகள் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். இந்த வீடுகளில் தூரத்தில் இருக்கும் அண்ணனோ தம்பியோ போனில் யோசனை சொல்வதை முதலில் நிறுத்த வேண்டும். அம்மாவுக்கு அதைக் கொடு, இதைக் கொடுக்காதே, அந்த டாக்டரிடம் போ. அதற்குப் பதில், குறித்த ஒரு நேரத்தில் தினமும் அம்மாவையே கூப்பிட்டு அரை மணி பேசுங்கள், அந்த அரை மணி வீட்டில் இருப்பவள் குளித்துவிட்டு வருவாள். வருடத்தில் கொஞ்ச நாள் வந்து பொறுப்பை முழுதாக எடுத்துக்கொண்டு அவளை வெளியே அனுப்புங்கள். பணம் அனுப்புகிறேனே என்கிறவர்களுக்கு: அனுப்புங்கள், நல்லது, அதுவும் வேண்டும், இது வேறு.

அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்று எழுதினால் கடிதம் முடியாது, ஒன்றை மட்டும் சொல்கிறேன். முதுமையில் பராமரிப்புக்கென்றே காப்பீடு கொண்டுவந்த நாடுகள் இருக்கின்றன, ஜெர்மனி 1995இல், ஜப்பான் 2000இல், தென் கொரியா 2008இல். இதில் ஜெர்மனியின் கதை என் பேச்சோடு ஒட்டியது. அங்கே முதலில் ஒருவருக்கு உதவி எவ்வளவு தேவை என்பதை நிமிஷக்கணக்கில் அளந்தார்கள், குளிப்பாட்ட இவ்வளவு, உடுத்த இவ்வளவு, ஊட்ட இவ்வளவு என்று. கை கால் நன்றாக இருந்து மறதி நோய் மட்டும் உள்ளவர் அந்தக் கணக்கில் பின்னுக்குப் போனார். நாள் முழுக்க ஒருவர் கூடவே இருந்தாக வேண்டும், ஆனால் நிமிஷம் சேராது. குறை சொல்லிச் சொல்லிக் கடைசியில் 2017இல் முறையை மாற்றினார்கள், மூன்று நிலையாக இருந்ததை ஐந்தாக்கி, நிமிஷத்தை விட்டுவிட்டு, தானாகச் சமாளிக்கும் திறன் எவ்வளவு என்று பார்க்கத் தொடங்கினார்கள். புரிந்துகொள்ளும் சக்தி, பேச்சு, நடத்தை, அன்றாடப் பொழுதைத் தானே அமைத்துக்கொள்வது, மற்றவர்களோடு தொடர்பு, இதெல்லாம் இப்போது அந்தக் கணக்கில் உண்டு. 1995இலிருந்து 2017க்கு எத்தனை வருடம் என்று பாருங்கள். நாம் எங்கிருந்து ஆரம்பித்தாலும் அந்தப் பழைய கணக்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

குடும்பங்களுக்குச் சொல்வது எளிது. ஆள் வைக்கும்போது ஒரு தாளில் வேலையை எழுதுங்கள். மாத்திரை, குளியல், நடை என்று எழுதுவீர்கள் இல்லையா, அதற்குக் கீழே காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் பேச்சுத் துணை என்று நேரம் போட்டு எழுதுங்கள். அந்த நேரத்தில் என்னைக் கடைக்கு அனுப்பக் கூடாது. வீட்டு வேலையும் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஆளோ, தனியாகச் சம்பளமோ. சாயங்காலம் நீங்கள் வந்ததும் பி.பி. எவ்வளவு, சுகர் எவ்வளவு, மோஷன் போனாரா என்று கேட்கிறீர்கள், நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு என்ன பேசினார் என்றும் கேளுங்கள்.

கடைசியாக உங்களுக்கே ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. உங்கள் வரி விளம்பரப் பக்கத்தில் "வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பெண் தேவை, வீட்டு வேலை தெரிந்திருக்க வேண்டும், தங்கி வேலை, நேரில் வரவும்" என்று வருகிறது. விளம்பரம் கொடுக்க வருபவரிடம் உங்கள் கவுன்டரில் இருப்பவர் நாலே நாலு கேட்கட்டும்: பெரியவர் நடப்பாரா படுக்கையா, ராத்திரி விழிக்க வேண்டுமா, வாரத்தில் எந்த நாள் லீவு, வீட்டு வேலை உண்டா இல்லையா. அதையும் சேர்த்துப் போட்டால் ஒரு வரி கூடும். அந்த ஒரு வரிக்குக் காசு வாங்காமல் போட முடியுமா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
வீட்டுப் பராமரிப்பு வேலை செய்யும் வாசகி